முதல் நாள் உன் பையைச் சுமந்தவள்

டிக்கோயா
ஆடி மாதக் கடைசி

மகன் பிரதீபனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கவில்லை, சுகமாகத்தான் இருப்பாய், உன் பெயரைச் சொல்லிக் கதிர்காமத்தில் அர்ச்சனை நடந்திருக்கிறது, அதை யார் செய்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாமே என்று நினைப்பாய். நான் இந்தப் பேச்சை எடுத்தவுடன் உனக்கு சிக்னல் போய்விடுகிறது, வேறு எதைப் பேசினாலும் கனடாவில் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. காகிதத்தை அப்படி வெட்ட முடியாது. உன்னோடு அதே கடையில் வேலை செய்கிற சாருஜன் லீவு முடிந்து திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், நீ வாசித்து முடிக்கிறவரைக்கும் பக்கத்தில் நிற்கும்படி சொல்லியிருக்கிறேன். அவன் அம்மா ஹட்டனில் டீச்சர், யாழ்ப்பாணத்து ஆட்கள், சொன்னால் சொன்னபடி செய்கிற பிள்ளை. அப்படியும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இங்கே மழை விட்டபாடில்லை. கூரையில் ஒரு தகரத்தைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது, முழங்கால் வலியோடு ஏற வேண்டாம் என்றால் அப்பா கேட்கிற ஆளா, ஏறிக் கல் வைத்துவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். மணியைச் சிறுத்தை தூக்கிவிட்டது. காலையில் கோழிக்கூட்டுப் பக்கம் சங்கிலி மட்டும் கிடந்தது. நீ குட்டியாக மடியில் வைத்துக்கொண்டு வந்த நாய், நீ போன பிறகு எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் லயத்து வீட்டு வரிசையின் முனை வரைக்கும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரும். அதற்காவது வாய் இல்லை, எங்கே போனான் என்று கேட்கத் தெரியாது. அப்பா முன்பெல்லாம் பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்களை நிறுத்தி வைத்து உன் கதையைச் சொல்லுவார், இப்போது யாராவது மகன் எப்படி என்று கேட்டால் காது மந்தம் என்று சொல்லிவிட்டு நடக்கிறார்.

சரி, நீ அனுப்பிய பையின் கதைக்கு வருகிறேன். நாங்கள் நடக்கக் கிளம்புவதற்கு முதல் நாள் அந்தியில் சாருஜன் அதைக் கொண்டுவந்து இறக்கினான். இறக்கும்போதே அவனுக்கு மூச்சு வாங்கியது. மலை ஏறுகிற வெள்ளைக்காரர்களுக்கு உங்கள் கடையில் விற்கிற பையாம், அம்மா கதிர்காமத்துக்கு நடக்கப் போகிறாள் என்று நீயே பார்த்துப் பார்த்து நிரப்பினாயாம். படுக்க ஒரு பை, மடக்குகிற கைத்தடி, மடக்குகிற அடுப்பு, தண்ணீர் சுத்தம் செய்கிற போத்தல், நெற்றியில் கட்டுகிற டோர்ச், என் காலைவிடப் பெரிய சப்பாத்து, பசித்தால் தின்னச் சொல்லிக் கட்டி கட்டியாக ஏதோ இனிப்பு. நான் ஆயுசு முழுக்கத் தேயிலைக் கொழுந்துக் கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு வழுக்குகிற மலையில் ஏறி இறங்கியவள். எதைச் சுமக்கலாம், எதை வைத்துவிட்டுப் போகலாம் என்று எனக்கு நீ பாடம் எடுக்கிறாய். மாற்றிக்கட்ட ஒரு சேலை, போர்த்திக்கொள்ள ஒரு பழைய சேலை, துவாய், ஒரு தட்டு, கோடாலித் தைலம், இதை மலையில் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற படங்குத் துணியில் முடிந்து வைத்திருந்தேன். கையில் தூக்கினால் ஒரு கைக்குழந்தையின் பாரம்கூட இருக்காது. நடக்கிறவனுக்கு அவ்வளவுதான் வேண்டும், மிச்சத்தை வழியில் முருகன் தருவான், இல்லாவிட்டால் பக்கத்தில் நடக்கிறவன் தருவான்.

அதற்குப் பிறகுதானே நீ போன் எடுத்தாய். பை வந்ததா, பிடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில், அங்கே ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டேன் என்றாய். நான் உட்கார்ந்தவள் எழும்பவில்லை. அது முடிவதற்குள் அடுத்தது, பையின் அடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, கட்டிக்கொள்கிறேன் என்று நீ சொல்லி வைத்த நிரூபாவுக்குக் கைக்கடிகாரம், அதைக் கொடுத்து நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றாய். அவள் அம்மா ஜீவராணி உங்களோடுதானே நடக்கப் போகிறார்கள், நடக்கும்போது மெதுவாகச் சொல்லுங்கள், சாமி நினைப்பில் இருப்பார்கள், பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாய். இதை எத்தனை நாளாக உட்கார்ந்து யோசித்தாய் என்று தெரியவில்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நீ கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்ட என்னைக் கூப்பிடுகிறாய். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன், நீ அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய்.

அன்றைக்கு அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. பையை அங்கேயே போட்டுவிட்டு என் மூட்டையோடு போய்விடலாம் என்று நினைத்தேன். விடியற்காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் அந்த மனுசன் என் மூட்டையை உன் பைக்குள் திணித்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். மகன் அனுப்பிய பையை ஊரார் பார்க்க வேண்டும் என்ற ஆசை. நான் பின்னால் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பை மாரியம்மன் கோயில் வாசலில் மற்ற மூட்டைகளோடு குவியலில் கிடக்கிறது. கொரோனாவுக்கும் அதற்குப் பிறகு வந்த கஷ்ட காலத்துக்கும் நின்று போயிருந்த நடை இந்த வருசம்தான் மறுபடி தொடங்கியது, அதனால் முதல் நாள் வழக்கம் அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. உனக்கும் மறந்திருக்கும். நம் தோட்டத்துக் கூட்டத்தில் முதல் நாள் யாரும் தன் மூட்டையைத் தான் சுமப்பதில்லை. வேல் தூக்குகிற மாயாண்டி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் நிற்கிறவர்கள் கையில் கொடுப்பார், யாருடையது யாருக்கு வந்தாலும் அதைத் தலவாக்கலை வரைக்கும் சுமக்க வேண்டும். தன் முதுகு என்றால் மனிதன் ஆசைப்பட்டதையெல்லாம் கட்டுவான், அடுத்தவன் முதுகு என்றால் கொஞ்சமாவது வெட்கப்படுவான் என்று யாரோ வைத்த வழக்கம். அந்தியில் தங்குகிற இடத்தில், சுமந்தவர் தோளுக்கு மூட்டைக்காரர்தான் எண்ணெய் தேய்த்துவிட வேண்டும்.

மாயாண்டி அண்ணன் கண்ணை மூடியபடியே உன் பையில் கை வைத்தார். தூக்கிப் பார்த்துவிட்டு, "சாமி, இது பையா, லயத்தையே கழட்டிக்கிட்டு வந்துட்டீங்களா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வரிசையில் அடுத்து நின்றது யார் என்று நினைக்கிறாய். ஜீவராணி. நான் போய், இது வேண்டாம், என்னுடையதை நானே சுமக்கிறேன் என்று பையைப் பிடித்தேன். மாலை போட்ட பிறகு வழக்கத்தை மாற்றக்கூடாது என்று மாயாண்டி அண்ணன் அதட்டினார். ஜீவராணி விட்டால்தானே. "எங்க மருமகன் அனுப்புன பை, நான் சொமக்காம வேற யாரு சொமக்குறது, விடுங்கக்கா" என்று சொல்லிக்கொண்டு இரண்டு கையையும் வாருக்குள் விட்டுத் தூக்கிக்கொண்டாள்.

அன்றைக்கு முழுக்க நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன். ஹட்டன் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தன் தலைக்குப் போட வைத்திருந்த பொலித்தீனை அவள் பைக்கு மேல் போட்டாள், நனைந்தது அவள். இறக்கி வைக்கிற இடத்திலெல்லாம் கீழே துவாயை விரித்துத்தான் வைத்தாள், சேறு படக்கூடாதாம். நடையில் வருகிற புது ஆட்கள் யாராவது பையைப் பார்த்தால் அவளாகவே சொல்வாள், கனடாவிலிருந்து மருமகன் அனுப்பியது என்று. அந்தப் பையின் அடியில், அவள் முதுகெலும்புக்கு நேராக, அவள் மகளைக் கழற்றிவிடுகிற பெட்டி இருக்கிறது, அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. உனக்கு இது புரிகிறதா என்று தெரியவில்லை. நீ அங்கே கதகதப்பான கடையில் நின்றுகொண்டு பைகளுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்திருப்பாய்.

தலவாக்கலையில் கோயில் மண்டபத்தில் தங்கினோம். எண்ணெய் தேய்க்க அவள் சட்டையை நகர்த்தினேன், வார் பட்ட இடம் இரண்டு பக்கமும் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. கூடை சுமந்த தோள்தான், அது வேறு பழக்கம், நெற்றியில் தாங்கும், இது தோளை அறுக்கிற பை. நான் தேய்க்கத் தேய்க்க அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "தம்பி எப்ப வாறேன்னாரு அக்கா, இந்த வருசத்துக்குள்ள வந்துருவாரா" என்று கேட்டாள். எண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். எண்ணெய் தீரவில்லை. மாலை போட்டிருக்கிறபோது அடுத்தவர் மனம் நோகிற சொல் பேசக்கூடாது, பொய்யும் சொல்லக்கூடாது. நீ என்னை அந்த இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாய்.

அடுத்த நாள் அவரவர் மூட்டை அவரவர் முதுகுக்கு வந்ததும் உன் பையைப் பிரித்தேன். உன் ஆசைப் பொருள் எல்லாம் எங்கே போனது என்று கேட்பாய் அல்லவா, கேட்டுக்கொள். படுக்கிற பையைத் தலவாக்கலை மண்டபத்தில் வாதத்தோடு கிடந்த ஒரு கிழவருக்குப் போர்த்திவிட்டேன். கைத்தடியை மாயாண்டி அண்ணன் நாய் விரட்ட வைத்துக்கொண்டார், அது ஒன்றுதான் உருப்படியாகப் பயன்பட்டது. நானுஓயா ஏற்றத்தில் லயத்துப் பிள்ளைகள் வழியில் நின்று தண்ணீர் கொடுத்தார்கள், இனிப்புக் கட்டியை அதுகளுக்குக் கொடுத்தேன். டோர்ச், அடுப்பு, சப்பாத்து எல்லாம் நுவரெலியா போவதற்குள் போய்விட்டது. பையை வெலிமடையில் கரட் கிழங்கு பிடுங்குகிற ஒரு பெண் கேட்டாள், வாங்கிக்கொண்டு சிங்களத்தில் என்னவோ வாழ்த்தினாள், அந்த வாழ்த்து அவளுக்கே இருக்கட்டும். என் படங்கு மூட்டையும் உன் பெட்டியும் மட்டும் மிஞ்சியது. அந்தப் பெட்டியை யாருக்குக் கொடுக்க முடியும். சேலைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு நடந்தேன்.

புத்தள ஊரைத் தாண்டினால் கதிர்காமம் வரைக்கும் காட்டு ரோடு, யானை நிற்கும், வாகனத்தையே மறித்துச் சாப்பாடு கேட்கிற யானைகள். அதற்குள் போவதற்கு முன்னால் மாயாண்டி அண்ணன் ஒவ்வொருவர் மூட்டையையும் அவிழ்க்கச் சொல்லிப் பார்ப்பார், பழமோ இனிப்போ ஒன்றும் இருக்கக்கூடாது, மணத்துக்கு வந்துவிடும். ஜீவராணி முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்க்க யோசித்தாள். பார்த்தால் உன் இனிப்புக் கட்டி ஒன்று. நானுஓயாவில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது கேட்டு வாங்கினாள், தனக்குத்தான் என்று நினைத்தேன். நிரூபாவுக்காம். வீசிவிடுங்கள் என்று மாயாண்டி அண்ணன் சொன்னார். "அவரு அனுப்புனத வீச மனசு வரல சாமி" என்று சொல்லி ரோட்டோரம் உட்கார்ந்து அதை அவளே தின்றாள். வெயிலில் உருகிப் போயிருந்தது, காகிதத்தில் ஒட்டியதையும் வழித்துத் தின்றாள். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் குளித்துவிட்டுத் தெய்வானை அம்மன் கோயிலில் அர்ச்சனைக்கு நின்றோம். ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டார். ஜீவராணி முதலில் மகள் பெயரைச் சொன்னாள். அடுத்தது பிரதீபன், கேட்டை நட்சத்திரம் என்றாள். பெற்றவள் நான் பக்கத்தில் நிற்கிறேன், என்னைக் கேட்கவில்லை, அவளுக்கே தெரிந்திருக்கிறது. தன் பெயரைச் சொல்லவேயில்லை. பெற்ற மனம் பித்து என்பார்கள், எனக்கு அந்த நேரம் பித்தெல்லாம் தெளிந்துவிட்டது. உன்மேல் எனக்கு வந்த கோபத்துக்குப் பெயர் இல்லை. பெட்டியைக் கங்கையில் விட்டுவிடலாம் என்றுகூடப் படிக்கட்டில் இறங்கினேன், பிறகு நினைத்தேன், உன் அழுக்கை எதற்குச் சாமி ஆற்றில் கரைக்க வேண்டும் என்று. அந்தப் பெட்டியையும் சாருஜனிடமே கொடுத்திருக்கிறேன். திறந்துகூடப் பார்க்கவில்லை, நீ கட்டிய நாடா அப்படியே இருக்கிறது.

பஸ்ஸில் திரும்பி வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழும்பிப் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். பிறகு, "அந்தப் பைய நான்தானே தூக்கிட்டுப் போனேன்" என்று மட்டும் சொன்னார். நீ செய்ததற்கு அந்த மனுசன் தன்னை நொந்துகொண்டு கிடக்கிறார்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நிரூபாவுக்குப் பொகவந்தலாவையிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான், நல்ல குடும்பம், முன்பள்ளியில் அவள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்து விரும்பிக் கேட்கிறார்கள். ஆடி முடிந்து ஆவணி முதல் வெள்ளிக்கிழமை பதில் கேட்டு வருகிறார்கள். அந்தப் பிள்ளை ஒரே பிடியாக நிற்கிறாள், "அவரு வாயால வேணாம்னு சொல்லட்டும், அப்புறம் பாப்போம்" என்று தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நீ கூப்பிட்டுச் சொல்லாவிட்டால் இந்த இடமும் தட்டிப்போகும், அடுத்ததும் தட்டிப்போகும், நீ அங்கே குடும்பம் நடத்துவாய், அவள் இங்கே மாரியம்மன் கோயிலுக்கு விளக்கு வைத்துக்கொண்டிருப்பாள். நானே சொல்லிவிடலாம். ஆனால் உன்னை அவளுக்கு நாங்கள் பேசி வைக்கவில்லை. அவர்கள் வீட்டுக்குள் நீயே போய் நின்று, ரெண்டு வருசத்தில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஜீவராணி முகத்தைப் பார்த்துச் சொன்னாய். கேட்ட வாய்தான் வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள், எனக்குப் பிடிக்காமல் பிரிக்கிறேன் என்று நினைப்பாள், நினைத்துக்கொண்டு இன்னும் காத்திருப்பாள். கனடாப் பரீட்சைக்கு நீ படித்தபோது ராவும் பகலும் உனக்குக் கேள்வி கேட்டு இங்கிலீஷில் பதில் சொல்ல வைத்தவள் அவள். அங்கே போய்ப் பேசுவதற்கு உனக்கு வாய் கொடுத்தவளிடம் பேச உனக்கு வாய் இல்லையாம்.

பயமாக இருக்கும். இருக்கட்டும். உரலில் தலையை விட்டவன் உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா. அழுவாள், கேட்டுக்கொண்டிரு. ஏசினாலும் கேட்டுக்கொண்டிரு, சிக்னல் போகக்கூடாது. காரணம் சொல்லாதே, வீட்டுக்காரர்கள் வற்புறுத்தினார்கள் என்று எங்கள் தலையில் போடாதே, கடிகாரப் பேச்சையே எடுக்காதே. நேரே சொல், சின்னதாகச் சொல், நனைத்துச் சுமக்கிற வேலை வேண்டாம். அந்த வெள்ளிக்கிழமைக்குள் நீ பேசவில்லை என்றால் நான் ஜீவராணியைக் கூட்டி வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், பெட்டி முதற்கொண்டு சொல்வேன். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குப் பையும் அனுப்ப வேண்டாம், போனும் எடுக்க வேண்டாம்.

குளிர் நாட்டில் காலுக்குக் கம்பளி மேசு போடாமல் நிற்காதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே சளி பிடிக்கும். கோபமாக இருந்தாலும் அது எனக்குத் தெரியாமல் போகுமா.

இதோடு கதிர்காமத்து விபூதி ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். அது உன் மனைவிக்கு. அந்தப் பெண் யாருக்கும் ஒரு குற்றமும் செய்யவில்லை, அவளுக்கு இதெல்லாம் தெரியுமோ தெரியாதோ, மாமியார் கொடுத்தது என்று சொல்லி நெற்றியில் வைத்துவிடு, தீர்க்காயுசாக, குறையில்லாமல் இருக்கட்டும். உனக்கு நான் வைக்கவில்லை. உன் பங்கு சாமித் தட்டில் இருக்கிறது, பேசிய பிறகு அனுப்புகிறேன்.

ஞாபகமாக ஒன்று. நிரூபாவின் நம்பர் தெரியாது, மாறியிருக்கும் என்று சொல்லிவிடாதே. பழைய நம்பர்தான். போன் உடைந்து புதுப் போன் வாங்கியும் நம்பரை அவள் மாற்றவில்லை, நீ கூப்பிடும்போது கிடைக்காமல் போய்விடும் என்று.

இப்படிக்கு
வடிவேல் மனோரஞ்சிதம்